சிட்டி விளக்குத் தந்த வீடுகளுக்கு ஒரு நன்றி மடல்

தரம் 2 பிள்ளைகளின் அம்மா, அப்பாமாருக்கும், அம்மம்மா, அப்பப்பாமாருக்கும், ஓட்டோ அண்ணைக்கும், தங்கள் பேரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட மற்ற எல்லோருக்கும்,

வணக்கம். விடுமுறை விட்டு இரண்டு நாளாகிவிட்டது. வகுப்பறைத் திறப்பு இன்னும் என் கைப்பையில்தான் கிடக்கிறது. கிறிஸ்து பிறப்புக்கு வகுப்பில் வைத்த ஒளிவிழா அன்று ஒவ்வொருவரிடமும் போய்ச் சொல்ல நினைத்தேன். அன்று நடந்த அமளிக்குள் முடியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

முதலில் எங்கள் காவலாளி ஐயா. 2024 கார்த்திகை (நவம்பர்) 26 இரவு மழையை யாழ்ப்பாணத்தில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். உயர்தரப் பரீட்சையையே இடையில் நிறுத்தி வைத்த மழை. குருநகர்ப் பக்கத்தில் தாழ்வான காணியில் இருக்கிற எங்கள் பள்ளிக்கூடத்துக்குச் சாதாரண மாரி மழையே காணும், முற்றம் குளமாகிவிடும். அன்று தண்ணீர் படியேறி வகுப்புக்குள் வந்துவிட்டது. ஐயா தனியாளாக நின்று மேசைக்கு மேல் மேசை அடுக்கி, அலுமாரியின் கீழ்த்தட்டில் இருந்ததை எல்லாம் மேலே ஏற்றியிருக்கிறார். எல்லாவற்றையும் காப்பாற்ற முடியவில்லை. வாணி விழாவுக்குப் பிள்ளைகள் செய்த ரிசுப் பேப்பர்ப் பூக்கள் சாயம் கரைந்து ஒரே கூழாகக் கிடந்தன. எழுத்து அட்டைகளை மட்டும் அவர் விடவில்லை. வெயில் எறித்த முதல் நாளே அலுவலக விறாந்தையில் கயிறு கட்டி, துணி காயப்போடுகிற கிளிப் போட்டு ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டார். காய்ந்த அட்டைகள் அப்பளம் மாதிரி வளைந்திருந்தன. ‘ழ’ அட்டை இன்னும் நேராகவில்லை. பிள்ளைகளின் நாக்கிலும் அது இன்னும் நேராகவில்லை என்பது வேறு கதை.

ஆக மார்கழி (டிசம்பர்) பிறந்தபோது வகுப்பில் அலங்காரச் சாமான் என்று ஒன்றும் மிச்சமில்லை. மெழுகுதிரி வாங்கலாம் என்றால், இருபத்தேழு பிள்ளைகளின் கையில் எரிகிற மெழுகுதிரியைக் கொடுத்துவிட்டு நான் எப்படி மூச்சு விடுவது? அப்போதுதான் பின்வரிசைப் பிள்ளை ஒன்று எழும்பிச் சொன்னது: “ரீச்சர், விளக்கீடு முடிஞ்சா எங்கட வீட்டில நிறையச் சிட்டி இருக்கும்.”

கார்த்திகைத் தீபமான விளக்கீட்டுக்கு அடுத்த திங்கட்கிழமை சிட்டிகள் வந்து சேர்ந்தன. ஷொப்பிங் பையில், சாப்பாட்டுப் பெட்டியில், ஒரு பிள்ளையிடம் பழைய காலுறைக்குள். மூன்று நாளுக்கு முன் வாசலிலும் கிணற்றடியிலும் மதிலிலும் எரிந்த சிட்டிகள், எண்ணெய் ஊறிக் கறுத்துப் போய், கருகின திரியும் ஒட்டியபடி. இடைவேளையில் குழாயடியில் தேசிக்காய்த் தோலும் சாம்பலும் வைத்துப் பிள்ளைகள் தேய்த்தார்கள். வெள்ளைச் சட்டைகள் என்ன நிறத்தில் வீடு திரும்பின என்று அம்மாமாருக்குத் தெரியும். ஒருவரும் என்னிடம் குறை சொல்லவில்லை. அதற்கே தனியாக ஒரு நன்றி.

பிறகு செட்டை, அதாவது சிறகு. நாடகத்தில் ஒன்பது பேருக்குச் செட்டை வேண்டும். கத்தோலிக்கப் பிள்ளைகள் சம்மனசு என்றார்கள், சைவப் பிள்ளைகள் தேவதை என்றார்கள். துணி கேட்டு ஐந்து சந்தித் தையற்கடைக்குப் போனேன். கடைக்கார நானா கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு, “எத்தனை மலக்கு ரீச்சர்?” என்று கேட்டார். முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட 1990 இல் சின்னப் பையனாகக் குடும்பத்தோடு புத்தளத்துக்குப் போக வேண்டி வந்து, தலை நரைக்கத் தொடங்கின பிறகு திரும்பி வந்தவர். வெட்டு மிச்சத் துணிதான் கேட்டேன். இரண்டாம் நாள் போனால் ஒன்பது சோடியும் விளிம்பு அடித்து, தோளில் மாட்ட இலாஸ்டிக்கும் வைத்துத் தைத்துத் தயாராக இருந்தன. காசு கேட்டதற்கு, நத்தார்த் தாத்தாவின் சட்டைக்கு ஓடர் வந்தால் தன்னிடமே தரச் சொன்னார். அடுத்த வருசம் கட்டாயம்.

பாலன் குடிலுக்கு வைக்கல் கிடைக்கவில்லை. எங்கே கேட்டாலும் நனைந்து நாறிக் கிடந்தது. கடற்றொழில் செய்கிற அப்பா ஒருவர், கரையில் ஒதுங்கிக் காய்ந்த சாதாளை என்ற கடற்செடியை உரப்பையில் கட்டிச் சைக்கிளில் கொண்டு வந்தார். கூரைக்குப் பழைய வலையும் தந்தார். தோட்டக்காரர் சாதாளையைப் பசளைக்குத் தாட்பார்கள், குடிலில் பரப்பியதை நான் பார்த்தது இதுதான் முதல் தடவை. பார்க்க நல்ல அசல் புல்லு மாதிரி இருந்தது. ஆனால் மணம்! எங்கள் பெத்லகேமில் மூன்று நாளும் குருநகர் இறங்குதுறை மணத்தது. பள்ளி அதிபர் கதவடியில் நின்றபடியே பாராட்டிவிட்டுப் போனார்.

ஓட்டோ அண்ணை மழை நாளில் எட்டுப் பிள்ளைகளுக்கும் இரண்டு தடவை ஓடினார், கூலி கூட்டிக் கேட்கவில்லை. ஒலிபெருக்கித் தம்பி மின்சாரம் நின்றபோது பற்றரியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். தேங்காய் ஒன்று 200 ரூபா விற்கிற மார்கழியில் பயத்தம் பணியாரம் சுட்டு அனுப்பிய அம்மாவை என்னவென்று சொல்ல. இருபத்தேழு பேருக்கும் இரண்டிரண்டு, எனக்கு மூன்று.

இந்த இடத்தில் மனதில் கிடக்கிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். போன வருசம் வெளிநாட்டிலிருந்து ஓர் அமைப்பு எங்கள் பிள்ளைகளுக்குப் புத்தகப்பை தந்தது. நல்ல பைகள்தான். ஆனால் பனர் கட்டி, பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்தி, பையை நெஞ்சோடு பிடிக்க வைத்து, ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் படம் எடுத்தார்கள். வெறுங்காலோடு நின்ற பிள்ளையைத் தேடி முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். அந்தப் பிள்ளையிடம் சப்பாத்து இருந்தது, விளையாடக் கழற்றியிருந்தது. அதைச் சொல்ல எனக்கு அன்று வாய் வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

இந்த வருசமும் வெளிநாட்டிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. எங்கள் பழைய மாணவி. எத்தனை பிள்ளைகள், ஆளுக்கு என்ன அளவு என்று மட்டும் கேட்டார். இருபத்தேழு மழைக்கோட்டுகளும் கஸ்தூரியார் வீதிக் கடையிலிருந்து நேரே வந்து இறங்கின. படம் அனுப்பட்டுமா என்று கேட்டேன். “வேண்டாம் ரீச்சர், எனக்கும் அந்த வயசில படம் எடுத்தவை” என்றார். அதற்கு மேல் இருவரும் ஒன்றும் பேசவில்லை. தங்கச்சி, கோட்டுகள் எல்லாம் அளவு. ஒன்று மட்டும் முழங்காலுக்குக் கீழே தொங்குகிறது. அந்தப் பிள்ளை அதைக் கழற்ற மாட்டேன் என்று வகுப்புக்குள்ளும் போட்டுக்கொண்டிருக்கிறது.

இனி ஒளிவிழா. புதன்கிழமை காலை, வானம் மூடி, வகுப்பறை நல்ல இருட்டு. பெற்றோர் குறுங்கதிரைகளில் முழங்காலை நெஞ்சோடு மடித்துக்கொண்டு இருந்தார்கள். முன்வரிசையில் பிள்ளையாருக்குப் பெருங்கதை விரதம் பிடிக்கிற அம்மம்மா ஒருவர், பேரன் யோசேப்பாக வருகிறான் என்பதற்காக. நாடகம் முடிந்து, பாலனைக் கிடத்தி, நீள மேசையில் வைத்த இருபத்தேழு சிட்டிகளையும் நானும் அதிபரும் ஏற்றினோம். ஒரு கணம் எல்லோரும் பேச்சை விட்டுவிட்டார்கள். எழுத்து அட்டைகளின் நிழல்கூடச் சுவரில் ஆடியது.

அந்த நேரம் ஆட்டிடையன் ஒருவன் குனிந்து தன் சிட்டியைப் பூவென்று ஊதி அணைத்தான். நான் திரும்பிப் பார்க்க, அவன் வலு நிதானமாகக் கேட்டான்: “யேசுபாலனுக்குப் பிறந்தநாள் எண்டா ஊதத்தானே வேணும் ரீச்சர்?”

மற்ற இருபத்தாறு பேருக்கும் அது நியாயமாகப் பட்டுவிட்டது. சம்மனசுகள், ஞானிகள், மரியாள், ஒட்டகமாக வந்த பிள்ளை உட்பட எல்லோரும் ஊதினார்கள். அறை முழுக்கப் புகை. “ஐயோ, விளக்கை வாயால ஊதக்கூடாது பிள்ளையள்!” என்று அம்மம்மா பதறி எழும்பினார். எழும்பினவர் சும்மா நிற்கவில்லை. என் கையிலிருந்த நெருப்புப்பெட்டியை வாங்கி, ஊதினதற்கு மன்னிப்பாகவோ என்னவோ, முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொரு சிட்டியாகத் திரும்ப ஏற்றினார். இருபத்தேழையும். பிள்ளைகள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றார்கள். முட்டை போட்ட கேக்கை அவர் தொடவில்லை, பேரனுக்கென்று கடதாசியில் சுற்றி எடுத்துக்கொண்டார். அம்மம்மா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. விரதம் முடியட்டும், பலகாரத்தோடு வீட்டுக்கு வருகிறேன்.

பெற்றோருக்கு ஒரு விசயம். “புதுவருசம் பிறந்தா நாங்கள் தரம் 3 தானே” என்று பிள்ளைகள் வீட்டில் கேட்பார்கள். கொரோனாவும் 2022 பொருளாதார நெருக்கடியும் தள்ளிவிட்ட பாடசாலை நாட்காட்டி 2024 முடிகிற இப்போதும் முழுதாக நேராகவில்லை. 2025 தை (ஜனவரி) 24 வரைக்கும் அவர்கள் தரம் 2 தான். 27 ஆந் திகதிதான் புது வகுப்பு. அதுவரை நான்தான் ரீச்சர், வீட்டுவேலையும் உண்டு.

சிட்டிகளைக் கழுவித் துடைத்து, பேர் எழுதியதை எல்லாம் திருப்பி அனுப்பிவிட்டேன். ஒன்று மிஞ்சியிருக்கிறது. அடியில் ஆணியால் கீறி ‘க’ என்று இருக்கிறது, விளிம்பில் சின்னதாக ஓர் உடைவு. உடைவு எங்கள் குழாயடியில் வந்ததென்றால் மன்னிக்கவும். பாடசாலை திறந்ததும் வந்து எடுத்துக்கொள்ளுங்கள், என் மேசை லாச்சியில் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
தரம் 2 வகுப்பாசிரியை