பக்கக் கணக்கில் கோடிங் கையேடு எழுத முடியாது: பதிப்பாளர்களுக்கும் பாடக் குழுவினருக்கும் ஒரு திறந்த மடல்

சிறுவர்களுக்கான கணினிக் கையேடுகளை வெளியிடும் பதிப்பாளர்களுக்கும் பாடக் குழுவினருக்கும் வணக்கம்.

ஆறாம் வகுப்பிலிருந்து கோடிங் (கணினிக்கு நிரல் எழுதுதல்) என்று 2020-இன் தேசியக் கல்விக் கொள்கை அறிவித்த பிறகு, இந்தக் கையேடுகளுக்கான தேவை கூடிவிட்டது. கட்டளை எழுதிய பிளாக்குகளை அடுக்கித் திரையில் ஒரு பூனையை இயக்கும் ஸ்கிராட்ச் மென்பொருள் பற்றித் தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலும் பாடம் இருக்கிறது. இவற்றை எழுதுவதையும் சொல்லிக்கொடுப்பதையும் தொழிலாகக் கொண்டவர்கள் நாங்கள். எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: பக்கத்துக்கு இவ்வளவு என்று பேசிக் கையேடு எழுதி வாங்குவதை நிறுத்துங்கள். செய்து பார்ப்பதற்கும், பிள்ளைகளிடம் சோதிப்பதற்கும், மென்பொருள் மாறும்போது திருத்துவதற்கும் சேர்த்து ஊதியம் பேசுங்கள்.

இப்போது நடப்பது உங்களுக்கே தெரியும். புரோகிராமர் ஒருவர் ஆங்கிலத்தில் குறிப்பு எழுதுகிறார். சொல் கணக்கில் அது தமிழாகிறது. பிறகு டி.டி.பி. என்கிற பக்க வடிவமைப்பு, பிழைதிருத்தம், அச்சு. கையேட்டைப் பக்கத்தில் விரித்துவைத்துக்கொண்டு, அதில் உள்ளபடியே கணினியில் செய்து பார்க்கும் ஆள் இந்த வரிசையில் எங்குமே இல்லை.

அதனால் என்ன ஆகிறது என்பதை ஸ்கிராட்ச்சில் முக்கோணம் வரையும் பாடத்தை வைத்தே காட்டலாம். சதுரம் வரைய 100 அடி நகர், 90 பாகை திரும்பு, இதை 4 முறை செய் என்று சொல்லியாயிற்று. அடுத்தது முக்கோணம். சமபக்க முக்கோணத்தின் கோணம் 60 என்பது எல்லோருக்கும் மனப்பாடம், ஆகவே குறிப்பு எழுதுபவரின் கை தானாக 60 என்று எழுதிவிடுகிறது. ஆனால் பூனை திரும்புவது வெளிக்கோணத்தில். அது 120. பக்கங்களின் எண்ணிக்கையால் 360-ஐ வகுத்தால் வருவது. 60 போட்டு 3 முறை ஓடவிட்டால் திரையில் கிடைப்பது அறுகோணத்தின் பாதி. பிள்ளை என்ன செய்யும்? நிரலை ஓடவிடும் பச்சைக் கொடியை இன்னொரு முறை அழுத்தும். முதல் ஓட்டத்தில் பூனை 180 பாகை திரும்பி நின்றிருப்பதால், இரண்டாம் ஓட்டம் மீதி மூன்று பக்கங்களையும் வரைந்து அறுகோணத்தை அழகாக மூடிவிடும். கையேட்டில் முக்கோணம், திரையில் குறையே இல்லாத அறுகோணம். ஆசிரியர் எந்த வரியில் தவறைத் தேடுவார்?

இதே பாடத்தில் இன்னும் இரண்டு குழிகள் உண்டு. ஸ்கிராட்ச்சில் 90 என்றால் வலப்பக்கம், 0 என்றால் மேலே. கணக்கு வகுப்பிலோ 0 என்றால் வலப்பக்கம். நன்றாகக் கணக்குப் போடும் பிள்ளைதான் இங்கே முதலில் தடுமாறும். அதற்கு ஒரு வரி விளக்கம் வேண்டும். அடுத்தது, கொடியை அழுத்தினால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கிவிடாது. பழைய கோடு அப்படியே இருக்கும், பூனையும் நின்ற இடத்திலேயே நிற்கும். எல்லாவற்றையும் அழி, 0,0-க்குப் போ, 90 திசையைப் பார் என்ற மூன்று பிளாக்குகளும் கொடி பிளாக்குக்கு அடியில் முதலில் வர வேண்டும். இவற்றை விட்டுவிட்ட பாடம், எழுதியவரின் கணினியில் மட்டும், அதுவும் முதல் முறை மட்டும் சரியாக ஓடும்.

மென்பொருளின் பதிப்பு மாறுவது இன்னொரு தலைவலி. ஸ்கிராட்ச் 2-இல் கோடு வரையும் பேனா பிளாக்குகள் மற்றப் பிரிவுகளோடு சேர்ந்தே இருந்தன. 2019 ஜனவரியில் வந்த ஸ்கிராட்ச் 3-இல் அவற்றை நீட்சிகளுக்குள் (வேண்டும்போது சேர்த்துக்கொள்ளும் கூடுதல் பிரிவுகள்) கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். திரையின் இடது கீழ் மூலையில் உள்ள பொத்தானை அழுத்தி, அங்கிருந்து பேனாவைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். "பேனா பிரிவைத் திற" என்ற பழைய வரியைப் படிக்கும் பிள்ளை இல்லாத பிரிவைத் தேடிக்கொண்டிருக்கும். எனவே மென்பொருளின் எந்தப் பதிப்பில், எந்த மாதம் சோதித்தது என்பதை உள்ளட்டையில் அச்சிடுங்கள். பள்ளி ஆய்வகத்தில் என்ன இயங்குதளம் என்பதை எழுத்தாளரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். லினக்ஸுக்கு ஸ்கிராட்ச் 3-இன் அதிகாரபூர்வச் செயலி கிடையாது. இணையமும் இல்லாத ஆய்வகம் என்றால் "செயலியை நிறுவு" என்ற முதல் படியிலேயே பாடம் முடிந்தது.

அச்சுக்குப் போகும் வழியில் கெடுவதும் கொஞ்சமல்ல. பக்கத்தை வடிவமைப்பவர், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்துகளை வைத்த பாமினி போன்ற பழைய எழுத்துருவில் வேலை செய்பவராக இருந்து, பக்கம் முழுவதையும் தேர்ந்தெடுத்து அந்த எழுத்துருவைப் போட்டால், பைத்தான் என்ற நிரல்மொழியின் வரிகளும் தமிழாக உருமாறிவிடும். பிரிண்ட் என்ற ஆணையின் ஐந்து ஆங்கில எழுத்தும் 'ச', 'வ', நடுவில் தனியாக ஓர் ஒற்றைக்கொம்பு என்று சிதறிக் கிடக்கும். எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியேற்றமான யூனிகோடைத் தமிழக அரசு 2010-லேயே ஏற்றுவிட்டது. அச்சகங்கள் இன்னும் ஏன் பழைய எழுத்துருவைக் கட்டிக்கொண்டு அழுகின்றன என்பது தனிக் கதை. யூனிகோடிலேயே வேலை நடந்தாலும் நேர் மேற்கோள் குறியை வடிவமைப்பு மென்பொருள் தானாக வளைத்துவிடும். அழகுதான், ஆனால் வளைந்த குறியைப் பைத்தான் ஏற்காது, சின்டாக்ஸ் எரர் என்று இலக்கணப் பிழை காட்டும். உள்தள்ளி எழுத வேண்டிய நிரல்வரிகளின் முன்னால் விடும் நான்கு இடைவெளிகளும் பத்தி சீரமைப்பில் காணாமல் போகும். நிரல்வரிகளுக்கு ஒரே அகல எழுத்துரு வேண்டும், தானியங்கித் திருத்தம் அணைத்திருக்க வேண்டும், கடைசி மெய்ப்பை எழுத்தாளர் பார்த்தே தீர வேண்டும்.

கறுப்பு வெள்ளையில் அச்சிடும் நூலில் "மஞ்சள் பிளாக்கை எடு" என்று எழுதிப் பயனில்லை. அச்சில் மஞ்சளும் ஆரஞ்சும் ஒரே சாம்பல். பிரிவின் பெயரையும் பிளாக்கில் உள்ள சொற்களையும், பிள்ளையின் திரையில் எந்த மொழியில் எப்படித் தெரிகிறதோ அப்படியே தர வேண்டும். படம் பிடிக்கும் முன் நிரல் பகுதியின் வலது கீழ் மூலையில் உள்ள கூட்டல் குறியை இரண்டு முறை அழுத்திப் பெரிதாக்கிக்கொண்டால் அச்சில் எழுத்து தெளிவாக விழும்.

மொழிநடைக்கு வருவோம். ஆங்கிலக் குறிப்பில் ஐந்து வரியாக இருப்பதைத் தமிழில் "திறந்து, தேர்ந்தெடுத்து, இழுத்து, பொருத்தி, சேமிக்கவும்" என்று ஒரே வாக்கியமாகக் கோத்துவிடுவது நமக்கு மிகச் சுலபம். வினையெச்சம் இருக்கும்வரை வாக்கியம் நீண்டுகொண்டே போகும். படிக்க இனிமையாகவும் இருக்கும். ஆனால் பிள்ளை இரண்டு செயலை முடித்துவிட்டுக் கண்ணைத் திரையிலிருந்து தாளுக்குத் திருப்பும்போது, விட்ட இடம் தெரியாது. ஒரு வாக்கியத்துக்கு ஒரு செயல், அதற்கு ஓர் எண். செய்த பிறகு திரையில் என்ன தெரிய வேண்டும் என்று அடுத்து ஒரு வரி.

பாடத்தின் கடைசியில் வழக்கமாகப் பயிற்சி வினாக்கள் வருகின்றன. அவற்றில் பாதியை எடுத்துவிட்டு, என்ன கோளாறு வரும், ஏன் என்று எழுத்தாளரை எழுதச் சொல்லுங்கள். பூனை ஓரத்தில் மோதித் திரும்பியதும் தலைகீழாக நடக்கிறதா? சுழலும் முறை 'எல்லாப் பக்கமும்' என்று இருக்கிறது. 'இடம் வலம்' என்று மாற்று. மைக்ரோபிட் என்ற, நிரல் எழுதி இயக்கும் சிறு மின்னணுப் பலகையில் விளக்கு எரிகிறது, ஆனால் கணினியில் டிரைவ் வரவில்லையா? அது பெரும்பாலும் சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள். முதலில் அதை மாற்று. டிரைவின் பெயர் 'மெயின்டனன்ஸ்' என்று வருகிறதா? செருகும்போது ரீசெட் பொத்தானில் விரல் பட்டிருக்கிறது. கழற்றி, பொத்தானைத் தொடாமல் மறுபடி செருகு. வகுப்பில் நாற்பது பிள்ளைகளும் ஓர் ஆசிரியரும் இருக்கும்போது இந்தப் பகுதிதான் பாடத்தைக் காப்பாற்றும்.

சோதனைக்குப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. பாடத்தை முன்பின் பார்த்திராத பிள்ளைகள் ஆறு பேர், இரண்டிரண்டு பேருக்கு ஒரு கணினி. எழுத்தாளர் பின்னால் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல், எந்த எண்ணிட்ட படியில் கை நிற்கிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும். மூன்றில் இரண்டு ஜோடி ஒரே படியில் நின்றால் தவறு அந்தப் படியினுடையது. நாற்பத்தைந்து நிமிடப் பாடவேளைக்கு எழுதிய பாடத்தை இருபத்தைந்து நிமிடத்தில் முடிக்க முடிய வேண்டும், ஏனென்றால் கணினி கிளம்பவும், உள்நுழையவும், சேமிக்கவும் மீதி நேரம் போய்விடும். பொறியாளர் வீட்டுப் பிள்ளையை வைத்துச் சோதிக்க வேண்டாம். அது தாளைப் பார்க்காமலே செய்து முடித்துவிடும்.

எங்கள் கணிப்பில் ஒரு பாடத்துக்கான உழைப்பில் எழுதுவது மூன்றில் ஒரு பங்குதான். மீதி சோதனையும் மறு எழுத்தும். பக்கக் கணக்கு இந்த மூன்றில் இரண்டு பங்குக்கு ஊதியம் தருவதில்லை. அதோடு பன்னிரண்டு பக்கத்தை நான்காகச் சுருக்கியவருக்கு அபராதமும் போடுகிறது. நன்றாக எழுதுபவர்கள் இரண்டு நூலோடு இந்த வேலையை விட்டுவிட்டு நிறுவனங்களின் மென்பொருள் ஆவணப் பணிக்குப் போய்விடுவது இதனால்தான்.

ஆள் எடுக்கும்போது கணினிப் பட்டத்தை மட்டும் பார்க்காதீர்கள். தெளிவாக எழுதத் தெரிந்தவர் சில வாரங்களில் ஸ்கிராட்ச் கற்றுவிடுவார். கணினிப் பக்கத்திலிருந்து எழுத்துப் பக்கம் வருபவர்களுக்கு அதைவிடக் கூடுதல் காலம் பிடிக்கும். நேர்காணலில் ஒரு கணினியைக் கொடுத்து, முக்கோணப் பாடத்தை ஒரே பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். அந்தத் தாளை அடுத்த அறையில் இருக்கும் கணக்குப் பிரிவு ஊழியரிடம் கொடுத்து, அதில் உள்ளபடி செய்யச் சொல்லுங்கள். திரையில் என்ன வருகிறது என்று பார்த்து, யாரை எடுப்பது என்று முடிவு செய்யலாம்.

இப்படிக்கு,
சிறுவர் கணினிக் கையேடுகள் எழுதுவோர், கற்பிப்போர் சிலர்