மலைக் கன்றும் வன்னி மண்ணும்

ஆசிரியருக்கு,

வன்னியில் வீட்டுத்தோட்டங்களுக்கு மலையகத்திலிருந்து வல்லாரைக் கன்றுகள் தருவிக்கப்படும் என்ற செய்தியைத் தங்கள் பத்திரிகையில் வாசித்தேன். மலை மூலிகைக்குக் காரம், அதாவது மருந்து வீரியம், அதிகம் என்பதே இதற்குச் சொல்லப்படும் நியாயம். அது பாதி உண்மை. ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ 6 பாகை செல்சியஸ் குறையும். புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். அதற்கு ஈடுகொடுக்கவே பல செடிகள் இலையைக் காக்கும் பீனோலிக் சேர்மங்களைக் கூடுதலாகச் சேர்க்கின்றன. அதே கன்றைக் கிளிநொச்சி வெயிலில் நட்டால் அந்தத் தூண்டுதல் இராது. மரபணுவில் உள்ளது மட்டுமே கன்றோடு கூட வரும். உயரம் போகட்டும், வாய்க்கால் நிழலில் அகன்ற இலையும் நீண்ட காம்புமாக நிற்கும் வல்லாரை, பத்தடி தள்ளி வயல் வரம்பில் நாணயமளவு இலையோடு செம்மை பூத்துக் கிடக்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. வல்லாரை ஓடுதண்டால் பரவுவது. ஒரே மேடையில் வெட்டிய ஆயிரம் கன்றும் பெரும்பாலும் ஒரே செடிதான். ஒரு நோய்க்கு ஒன்று தோற்றால் எல்லாம் தோற்கும். எனவே வன்னிக் குளங்களான வவுனிக்குளம், முத்தையன்கட்டு, கட்டுக்கரைப் பக்கங்களில் ஒன்றுக்கொன்று தொலைவிலுள்ள இடங்களிலிருந்து தாய்ச்செடிகளை எடுத்து, ஒரே பாத்தியில், ஒரே நீர், ஒரே நிழலில் ஒரு போகம் வளர்த்துப் பார்க்கலாம். அப்போதும் மாறாத வேறுபாடே தெரிவுக்கு உரியது. மலைக் கன்றையும் அதே பாத்தியில், எடுத்த இடமும் உயரமும் எழுதிய அட்டையோடு நடட்டும்.

மூலிகைப் பயிர்ச்செய்கையாளர்,
மாங்குளம்.