செம்பு கரைந்த நீர் எங்கே போகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பாலிடெக்னிக், பொறியியல் மாணவர்கள் தங்கள் புராஜெக்டுக்கான பிசிபி எனும் மின்சுற்றுப் பலகையை, அதன்மேல் ஒட்டியுள்ள செம்புப் படலத்தில் வேண்டாத பகுதியை ரசாயனத்தில் கரைத்து, வீட்டு மாடியிலேயே அரித்தெடுப்பது மதுரையில் புதிதல்ல. அரிப்பதற்கு முன்பு பெரிக் குளோரைடு வாங்கினார்கள்; இப்போது பலர் கழிவறை கழுவும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டையும் மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடையும் கலந்துகொள்கிறார்கள். கையால் செய்து பழகும் அந்த ஆர்வத்தை, பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால், வேலை முடிந்தபின் மிஞ்சும், செம்பு கரைந்த பச்சைக் கரைசல் பெரும்பாலும் சாக்கடைக்குத்தான் போகிறது.

10 செ.மீ.க்கு 15 செ.மீ. அளவுள்ள ஒருபக்கம் மட்டும் செம்புள்ள பலகையில், செம்புப் படலம் வழக்கமான 35 மைக்ரான் கனத்தில் இருந்தால், ஏறத்தாழ 4.7 கிராம் செம்பு இருக்கும். அதில் பாதி கரைந்தால்கூட, சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகள் கழிவுநீருக்கு வகுத்துள்ள லிட்டருக்கு 3 மில்லிகிராம் என்ற வரம்புக்குள் அதைக் கொண்டுவர 780 லிட்டர் தண்ணீர் வேண்டும். விதி ஆலைகளுக்கானது என்பது உண்மைதான். கண்மாய் மீனுக்கு அந்த வேறுபாடு தெரியாது. அவனியாபுரம், சக்கிமங்கலம் நிலையங்களில் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நுண்ணுயிர்களுக்கும் செம்பு நஞ்சே.

உண்மையில் அந்தக் கரைசலைக் கொட்ட வேண்டிய தேவையே இல்லை. செம்பு கரைந்து அதில் உண்டாகும் குப்ரிக் குளோரைடே மேலும் செம்பை அரிக்கும். அரித்து அரித்துப் பழுப்பேறிய கரைசலில் மீன்தொட்டிப் பம்பால் காற்றைச் செலுத்தி, குறையும் அமிலத்தை மட்டும் ஈடுசெய்தால், மீண்டும் பச்சையாகி வேலைக்கு வந்துவிடும். பெராக்சைடு தொடக்கத்துக்கு மட்டுமே தேவை. இதைச் சொல்லித்தர ஆளில்லாததால், ஒவ்வொரு பலகைக்கும் புதிதாகக் கலந்து பழையதைக் கொட்டுகிறார்கள்.

கலக்கும்போது செறிவு மிகுந்தால் குளோரின் வாயு கிளம்பும் என்பதையும், பெராக்சைடு மிச்சமிருக்கும் கரைசலை இறுக மூடினால் ஆக்சிஜன் அழுத்தத்தில் பாட்டில் வெடிக்கலாம் என்பதையும் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். 18 வயது நிரம்பாதவர்களுக்கு அமிலம் விற்கக் கூடாது, வாங்குவோர் விவரத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் உத்தரவிட்டும், மளிகைக் கடைகளில் கேள்வியின்றி ஆசிட் கிடைப்பது தனிக் கவலை.

எனவே, புராஜெக்ட் மதிப்பெண் வழங்கும் கல்லூரிகளே தங்கள் வேதியியல் ஆய்வகத்தில் ஒரு பிளாஸ்டிக் கேன் வைத்து, மாணவர்களின் பழைய கரைசலைப் பெற்றுக்கொள்ள வேண்டும். சலவைச் சோடாவைச் சிறிது சிறிதாகச் சேர்த்தால் செம்பு நீலப்பச்சை வண்டலாகப் படியும். அதை வடிகட்டி உலர்த்தி, அபாயகரக் கழிவாக ஒப்படைக்கலாம். கல்லூரிகள் சேர்க்கும் இந்த வண்டலை எங்கே, எந்த நாளில் ஒப்படைப்பது என்பதை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மதுரை அலுவலகம், அடுத்த கல்வியாண்டின் புராஜெக்ட் பருவத்துக்கு முன்பே அறிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விரிவுரையாளர்,
திருநகர், மதுரை.