அகலப்படத்தை நடுமடிப்பில் வெட்டாதீர்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் மட்டக்களப்பு மாவட்டத்துப் பாசிக்குடாக் கரையின் அகலப்படங்கள் (பல படங்களைப் பக்கம்பக்கமாக ஒட்டிச் சேர்க்கும் பனோரமா) பற்றி ஞாயிறு இதழில் வந்த கட்டுரையில், "கைப்பேசியை ஒருதரம் சுழற்றினால் போதும், மிச்சத்தை அச்சகம் பார்த்துக்கொள்ளும்" என்றிருந்தது. இந்தத் தொழிலை அறிந்த எவருக்கும் அது மனவருத்தம் தரும்.

இல்லாத பிக்சலை எந்த அச்சகமும் உண்டாக்காது. 60 அங்குல அகலப் பிரதியைக் கிட்ட நின்று பார்க்க அங்குலத்துக்கு 300 பிக்சல், மொத்தம் 18,000 வேண்டும். 24 மெகாபிக்சல் கமராவை நிமிர்த்திப் பிடித்து, ஒரு படம் அடுத்ததன்மேல் 30 சதவீதம் ஏறும்படி எடுத்தால் 6 படத்தில் அந்த அகலம் வரும். ஒட்டியபின் ஓரம் வெட்டுப்படுமாகையால் 8 எடுப்பதே புத்தி. முக்காலி மட்டம் தவறினால் கடல்கோடு பாம்பாக நெளியும்.

எங்கள் கரை கிழக்குப் பார்த்தது. காலையில் சூரியன் படத்துக்குள்ளேயே நிற்கும். ஒளியளவைத் தானியங்கியில் விட்டால் வானம் பட்டை பட்டையாகப் பிரியும். அதையும் நிறச் சமநிலையையும் முதல் படத்திலேயே பூட்டவேண்டும். போலரைசர் (பளபளப்பைக் குறைக்கும் வடிகண்ணாடி) போட்டால் வானத்தில் ஒரு துண்டு மட்டும் கருநீலமாகும். பின்னேரம் நாலு மணிக்குமேல் வெயில் முதுகுப்பக்கம் வந்தபின்தான் நீரின் பச்சையும் மணலும் ஒழுங்காக விழும். கல்லடிப் பழைய பாலத்தைக் கிட்ட நின்று உருளை முறையில் (உருளையின் உட்சுவரில் பதித்து விரித்ததுபோல்) ஒட்டினால், 1924இல் திறந்த அந்த இரும்புப் பாலம் வில்லாக வளைந்துவிடும். இதையெல்லாம் அச்சகமா பார்த்துக்கொள்ளும்?

இது முதல் தடவையும் அல்ல. போர்த்துக்கேயர் 1628இல் கட்டிய மட்டக்களப்புக் கோட்டையின் அகலப்படத்தை முன்னொருமுறை இரு பக்கங்களில் விரித்தீர்கள். கோட்டை முழுதும் நடுமடிப்புக்குள் போய்விட்டது. இன்னொரு தடவை கல்லடிப் படம் இடம்வலம் மாறி, பழைய பாலமும் புதிய பாலமும் பக்கம் மாறி நின்றன. கீழே "கிழக்கின் எழில்" என்று மட்டும் இருந்தது, எடுத்தவர் பெயரில்லை. சுற்றுலா விடுதிகளும் அப்படித்தான்: நீரில் கரையும் சாய மையில் அச்சடித்து, கண்ணாடியோடு ஒட்டவைத்துப் பிறேம் போடுகிறார்கள். கடற்காற்றின் ஈரத்தில் படம் கண்ணாடியில் பிடித்துக்கொள்ளும், பிரித்தால் உரியும். நீரில் கரையாத நிறமி மையும், படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையில் ஒரு மட்டை விளிம்பும் போதுமே!

கேட்பது இவ்வளவுதான்: எடுத்தவர் பெயர், இடம், மாதம் ஆகிய மூன்றையும் படத்தின்கீழ் போடுங்கள். நடுமடிப்பில் வெறும் வானமோ நீரோ வரும்படி பக்கத்தை அமையுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.