சீவி எடுத்த நாய் முடியை என்ன செய்யலாம்? பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோர்களே,

வணக்கம்.

நான்காம், ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் இந்தத் தவணையில் வீட்டுக் கழிவுகளை மறுபடி பயன்படுத்தும் அறிவியல் செயல்திட்டம் ஒன்றைச் செய்யவிருக்கிறார்கள். நம் எஸ்டேட் தோட்டத்திலும் பட்டணத்துத் தாமான்களிலும் (வீடமைப்புப் பகுதிகளிலும்) நாய் வளர்க்கும் வீடுகள் நிறைய. நாயைச் சீவும்போது சேரும் முடியைப் பள்ளிக்குக் கொண்டுவரலாமா, அதை எதற்காவது பயன்படுத்த முடியுமா என்று பிள்ளைகளும் பெற்றோரும் கேட்கிறீர்கள். முடிக்குப் பயன் உண்டு, அதுவும் மண்ணில்தான் அதிகப் பயன். ஆனால் அந்த வேலை உங்கள் வீட்டு வளவிலேயே நடக்க வேண்டும். நாய் முடியைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டாம். இரண்டுக்கும் உரிய காரணங்களைக் கீழே விளக்கியிருக்கிறோம்.

முதலில் பள்ளியைப் பற்றி. நம் பள்ளியில் முஸ்லிம் ஆசிரியர்களும் பணியாளர்களும் இருக்கிறார்கள். மலேசியாவில் பின்பற்றப்படும் ஷாஃபி என்ற இஸ்லாமியச் சட்ட மரபின்படி, நாயின் முடியோ தொட்ட கையோ ஈரமாக இருந்தால், பட்ட இடத்தை ஏழு முறை கழுவ வேண்டும். அதில் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும். பள்ளித் தோட்டத்து மண்வெட்டி, குழாய், கைகழுவும் தொட்டி எல்லாம் எல்லாருக்கும் பொது. அங்கே நாய் முடி கலந்தால் ஒருவரை அறியாமலேயே சங்கடத்தில் தள்ளிவிடுவோம். வீட்டிலும் இதே கவனம் தேவை. நாய் முடி சேர்த்துச் செய்த மட்கு உரத்தையோ அதில் வளர்ந்த செடித் தொட்டியையோ பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பத்துக்குக் கொடுக்கும் முன், அதில் என்ன இருக்கிறது என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். பள்ளி விற்பனை நாளுக்கு அத்தகைய செடிகளைக் கொண்டுவர வேண்டாம். இதற்கான மண்கரண்டி, வாளி, கையுறை ஆகியவற்றைத் தனியாக வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொரு காரணம் மூச்சிரைப்பு. நாயால் வரும் ஒவ்வாமைக்கு முடி நேரடிக் காரணம் அல்ல. முடியில் ஒட்டியிருக்கும் எச்சிலும் தோல் செதிலுமே காரணம். ஆஸ்துமா உள்ள பிள்ளை அதே வகுப்பில் இருந்தால் ஒரு பை முடியே போதும். அப்படிப்பட்ட பிள்ளையை வீட்டிலும் நாயைச் சீவ விடாதீர்கள்.

இனி மண்ணுக்கு வருவோம்.

முடி என்பது கெராட்டின் என்ற புரதம். எடையில் ஏறக்குறைய 15 விழுக்காடு தழைச்சத்து (நைட்ரஜன்). தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்கு 15-15-15 என்று அச்சிட்ட உர மூட்டை தெரியும். அதன் முதல் 15 குறிப்பதும் தழைச்சத்தைத்தான். ஆகவே அளவில் முடி அந்த மூட்டைக்குச் சளைத்ததல்ல. ஆனால் இரண்டு வேறுபாடுகள் உண்டு. மூட்டை உரத்தில் உள்ள மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) முடியில் சொல்லும்படியாக இல்லை. மேலும், மூட்டை உரம் மழையில் கரைந்து உடனே வேருக்குப் போகும், முடி கரையாது. கெராட்டின் இழைகளைக் கந்தகப் பிணைப்புகள் இறுகக் கட்டியிருப்பதால், அவற்றை உடைக்கத் தெரிந்த சில பூஞ்சைகளும் பாசில்லஸ் வகைப் பாக்டீரியாக்களும் மெல்ல மெல்லத் தின்றால்தான் சத்து வெளியே வரும். நம் வெப்பத்தில், ஈரம் குறையாமல் இருந்தால் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகலாம். இந்தத் தாமதம் குறையல்ல. நம் ஊர் மாலை மழை யூரியாவை அடித்துக்கொண்டு போய்விடும். முடியில் உள்ள சத்து அப்படிப் போகாது.

எதிர்பார்ப்பு மட்டும் அளவோடு இருக்கட்டும். 30 கிராம் முடியில் இருப்பது நாலரை கிராம் தழைச்சத்து. குலை தள்ளும் ஒரு வாழைக்கு ஆண்டுக்கு 100 கிராமுக்கு மேல் வேண்டும். முடி துணை உரம். அதை நம்பி மற்ற உரத்தை நிறுத்த முடியாது.

மட்குத் தொட்டிக்கு 20 லிட்டர் சாயவாளி போதும். அடியிலும் பக்கங்களிலும் பத்துப் பன்னிரண்டு ஓட்டைகள் போட்டு, இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். அடியில் தேங்காய் மட்டையோ சுள்ளியோ போட்டு, அதன்மேல் ஒரு சாண் காய்ந்த இலை, அதன்மேல் நான்கு விரல் உயரத்துக்குச் சமையலறைக் கழிவு. இந்தக் கழிவின்மேல்தான் முடியைத் தூவ வேண்டும், ஒரு கைப்பிடிக்கு மேல் வேண்டாம். தூவும் முன் முடியைக் கையால் நன்றாகப் பிரித்துவிடுங்கள். நீள முடியாக இருந்தால் கத்தரியால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கிக்கொள்ளுங்கள். அதன்மேல் பழைய மட்கு அல்லது மேல்மண் ஒரு கைப்பிடி போட வேண்டும். முடியைத் தின்னும் நுண்ணுயிர்கள் அதிலிருந்துதான் வரும். மறுபடி காய்ந்த இலை. இப்படியே அடுக்கிக்கொண்டு போய், வாரம் ஒரு முறை கிளறுங்கள். கலவையைக் கையில் எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வர வேண்டும். சொட்டே வராவிட்டால் முடி அப்படியே கிடக்கும். தண்ணீர் ஓடினால் அழுகல் நாற்றம் எடுக்கும். காய்ந்த இலையை இன்னும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூக்கைத் துளைக்கும் அம்மோனியா வாடை வந்தால் முடியோ உணவுக் கழிவோ அதிகமாகிவிட்டது என்று பொருள்; அதற்கும் காய்ந்த இலைதான் மருந்து. மூடியின் மேல் மழைநீர் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும். மூடியைச் சாய்த்து வையுங்கள்.

பெரும்பாலும் இந்த முயற்சி தோற்பது முடி கட்டியாகப் போவதால்தான். சீப்பிலிருந்து உருவி எடுத்த உருண்டையை அப்படியே போட்டால், நனைந்ததும் இறுகிக் கம்பளித் துணியாகிவிடும். தண்ணீரும் காற்றும் உள்ளே போகாது. ஓராண்டு கழித்துக் கிளறினாலும் அதே உருண்டை அப்படியே வரும். பூத்தொட்டியின் அடியில் முடியைப் பாயாக விரிப்பதும் இதே தவறு. ஓட்டை அடைத்துக்கொண்டு வேர் அழுகிவிடும். 10 லிட்டர் தொட்டிக்குப் பிரித்த முடி ஒரு கைப்பிடி எடுத்து, மண்ணோடு சேர்த்துப் பிசைந்து நிரப்ப வேண்டும். மண்ணின் மேலே பரப்பினால் காய்ந்து காற்றில் பறக்கும்.

வாளி வைக்க இடமில்லாதவர்கள் நேரடியாகக் குழியில் போடலாம். வாழைக் கன்று, செம்பருத்தி, கறிவேப்பிலை, மல்லிகை, பண்டான் எதுவாயினும் சரி. ஒரு சாண் ஆழத்துக்குக் குறையாமல், செடியின் அடியை ஒட்டாமல் சற்றுத் தள்ளி, மண்ணோடு கலந்து புதையுங்கள். வாழைக்குச் சாம்பல்சத்து அதிகம் தேவை. அதன் தோலையே நறுக்கிச் சேர்க்கலாம். புதைத்த இடத்தை நாயும் கோழியும் கிளறாமல் இருக்க ஒரு மாதத்துக்குக் கல்லோ பழைய கம்பிவலையோ மேலே வையுங்கள். கீரை, சாவி (கடுகுக் கீரை), காங்கோங் (வள்ளல் கீரை) பாத்திகளில் மட்டும் வேண்டாம். நாயின் உடம்பில் உருளைப்புழு முட்டைகள் ஒட்டியிருக்கலாம். அவை சாக 55 டிகிரி செல்சியஸ் வெப்பம் மூன்று நாளாவது நிற்க வேண்டும். வீட்டு வாளி அந்தச் சூட்டை எட்டாது. முடியைத் தொட்டபின் பிள்ளைகள் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். நாயின் தோலில் வட்டமாக முடி உதிர்ந்து செதில் இருந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம், மனிதருக்குத் தொற்றும். அந்த நாயின் முடியை எதற்கும் எடுக்காமல் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள்.

இந்தக் கடிதத்தில் ஒரே ஒரு பத்தியை மட்டும் நீங்கள் படிப்பதானால், அது உண்ணி மருந்தைப் பற்றிய இந்தப் பத்தியாக இருக்கட்டும். நாயின் கழுத்தில் விடும் சொட்டு மருந்துகளில் ஃபிப்ரோனில், இமிடாகுளோபிரிட், பெர்மெத்ரின் போன்ற பூச்சிக்கொல்லிகள் இருக்கின்றன. அவை வாரக்கணக்கில் முடியில் தங்கும். இமிடாகுளோபிரிட் மண்புழுவைக் கொல்லும். உரத்துக்காகச் செய்கிற வேலை மண்ணையே கெடுத்துவிடும். பெர்மெத்ரின் பூனைக்குக் கொடிய நஞ்சு, ஆகவே நாய் முடியை உருட்டிப் பூனைக்கு விளையாடக் கொடுக்காதீர்கள். பறவை கூடு கட்டட்டும் என்று மரக்கிளையில் முடியைத் தொங்கவிடும் நல்ல மனம் பலருக்கு உண்டு. அதையும் செய்ய வேண்டாம். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் விலங்கு முடி வைத்துக் கட்டிய 103 குருவிக் கூடுகளைச் சோதித்து 2025இல் வெளியிட்ட ஆய்வில், அத்தனை கூட்டிலும் ஃபிப்ரோனில் இருந்தது. மருந்தே போடாத நாயின் முடியானாலும் நீள இழைகள் குஞ்சின் காலில் சுற்றிக்கொள்ளும். சொட்டு மருந்தோ உண்ணிச் சவர்க்காரமோ போட்ட பிறகு குறைந்தது ஒரு மாதம் சீவி எடுக்கும் முடி முழுவதையும் கட்டிக் குப்பையில் போட்டுவிடுங்கள். மருந்திட்ட தேதியை நாட்காட்டியில் குறிக்கும் பொறுப்பைப் பிள்ளையிடம் கொடுக்கலாம். செயல்திட்டப் புத்தகத்தில் அதுவும் ஒரு பதிவாகும்.

குளிப்பாட்டும் முன்பே, காய்ந்த உடம்பில், வெளியே வைத்துச் சீவுங்கள். நனைந்தால் சிக்கு இறுகும். உதிர்ந்த முடி சவர்க்கார நுரையோடு லோங்காங்கில் (சாக்கடையில்) போய் அடைக்கும். குட்டை முடி நாய்க்கு ரப்பர் கையுறை போதும். மேல்முடியும் உள்முடியும் அடர்ந்த இரட்டை முடி நாய்க்கு மெல்லிய கம்பிப் பல் சீப்பு வேண்டும். முடி வேண்டும் என்பதற்காக நாயை மழிக்கவே கூடாது. நாய் பெரும்பாலும் மூச்சிரைத்துத்தான் சூட்டை ஆற்றும். மழித்தால் வெயில் நேராகத் தோலில் படும், உள்முடி தாறுமாறாக வளரும். முடியை எரிப்பதும் வேண்டாம். அதிலுள்ள கந்தகம் கடும் நாற்றத்தைக் கிளப்பும். திறந்த வெளியில் எரிப்பதை 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டமும் தடுக்கிறது.

நூல் நூற்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாழும் சாலிஷ் மக்கள் கம்பளம் நெய்வதற்கென்றே ஒரு நாயினத்தை வளர்த்தார்கள்; அந்த இனம் இன்று இல்லை. சமோயிட், சௌ சௌ போன்ற நாய்களின் மென்மையான உள்முடியை, நான்கைந்து சென்டிமீட்டராவது நீளம் இருந்தால் நூற்கலாம். ஆட்டு ரோமத்தின் சுருளும் இழுப்பும் நாய் முடிக்கு இல்லாததால் இரண்டையும் கலந்து நூற்பார்கள். நம் தோட்டத்து நாய்களின் குட்டை முடி இதற்கு உதவாது. கம்பளிக்கு இங்கே வேலையும் இல்லை. தையல் வேலை செய்யும் தாய்மார்கள் ஊசி குத்தும் திண்டுக்குள் அடைக்கலாம், அது நன்றாக வரும். முடியை வலைப்பையில் போட்டு, வெதுவெதுப்பான நீரில் சிறிது பாத்திரச் சவர்க்காரம் கலந்து அரை மணி நேரம் ஊறவிடுங்கள். கசக்கினால் கட்டியாகும். அலசி, விரித்து, இரண்டு நாள் நல்ல வெயிலில் உலர்த்துங்கள். ஈரம் மிஞ்சினால் நம் காற்றில் பூஞ்சை பிடிக்கும். நெருக்கமாக நெய்த துணியில் இறுக்கித் தையுங்கள்.

பள்ளியில் நடக்கப்போவது வேறு சோதனை. 1989இல் அலாஸ்காவில் எக்சான் வால்டெஸ் கப்பலின் எண்ணெய் கடலில் கொட்டியபோது, நீர்நாயின் முடியில் எண்ணெய் ஒட்டியிருப்பதைத் தொலைக்காட்சியில் பார்த்த அமெரிக்க முடிதிருத்துநர் ஃபில் மெக்ரோரி, தம் கடையில் வெட்டிய முடியைக் கொண்டு எண்ணெயை எடுத்துக் காட்டினார். 2020இல் மொரிசியஸ் கரையில் வாகாஷியோ கப்பல் உடைந்தபோது அங்குள்ள மக்கள் கரும்புத் தோகையையும் தலைமுடியையும் அடைத்துத் தடுப்பு செய்தார்கள். முடியின் மேற்பரப்பில் எண்ணெய் ஒட்டிக்கொள்வதுதான் இதன் அடிப்படை. மாணவர்கள் 300 மில்லிலிட்டர் தண்ணீரில் 30 மில்லிலிட்டர் சமையல் எண்ணெயை ஊற்றி, காலுறைத் துணியில் தளர்வாக அடைத்த 5 கிராம் தலைமுடியை ஐந்து நிமிடம் மிதக்கவிடுவார்கள். இன்னொரு பாத்திரத்தில் 5 கிராம் இலவம் பஞ்சு. எது அதிக எண்ணெய் எடுத்தது என்பதை மீந்த எண்ணெயை அளந்து கண்டுபிடிப்பார்கள். பையை மட்டும் நிறுத்தால் தண்ணீரின் எடையும் சேர்ந்துவிடும். முடியில் சவர்க்காரம் மீந்திருந்தால் எண்ணெய் நீரில் கலந்து சோதனை கெடும். எஞ்சின் எண்ணெயில் இதை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்; எண்ணெய் பட்ட முடியை மட்குத் தொட்டியில் போடவும் வேண்டாம்.

இதற்காக முடிதிருத்தும் கடையிலிருந்து சுத்தமான தலைமுடி ஒரு காகிதப் பை, வீட்டில் பழைய தலையணை இருந்தால் இலவம் பஞ்சு ஒரு கைப்பிடி, தேய்ந்த நைலான் காலுறை ஒன்று ஆகியவற்றை வரும் வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தனுப்புங்கள். வீட்டில் மட்குத் தொட்டி வைக்கும் பிள்ளைகள், அடுக்கிய நாள், போட்ட முடியின் அளவு, கிளறிய நாள், வாடை, ஈரம் ஆகியவற்றை எழுதிவந்தால் போதும். தொட்டியைக் கொண்டுவரத் தேவையில்லை. பிள்ளைக்கு ஆஸ்துமாவோ தோல் ஒவ்வாமையோ இருந்தால் வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நாயில்லாத வீட்டுப் பிள்ளைகள் முடிக்குப் பதிலாகக் கோழி இறகை நறுக்கிப் பயன்படுத்தலாம். அதுவும் கெராட்டின்தான், அளவும் முறையும் ஒன்றே.

அன்புடன்,
தலைமையாசிரியர்