உன் கத்தி பற்றிய ஒப்புதல் வாக்குமூலம்

அன்புள்ள சுந்தரி,

நாலு மாதமாகப் பதில் போடாததற்கு வேலை காரணமில்லை. நீ கொடுத்த கத்தியைப் பாழாக்கி வைத்திருந்தேன். எழுதினால் அதைத்தான் முதலில் கேட்பாய் என்று பயம். இங்கே எல்லோரும் நலம். மைதிலிக்கு மறுபடி அதே கோபம், நேரில் சொல்கிறேன்.

கத்தி மழுங்கியதும், வி வடிவப் பள்ளத்தில் விட்டு இழுக்கிற கருவி ஒன்று வாங்கினேன். நாலு இழுப்பில் கூர் வந்தது, பத்தே நாளில் போனது. மறுபடி இழுப்பு. ஒருநாள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் வாய் முழுக்க ரம்பப் பல்! அதிலுள்ள கார்பைடு என்கிற, எஃகைவிடக் கெட்டியான துண்டுகள் எஃகைத் தீட்டுவதில்லை, சுரண்டுகின்றன. உன்னுடையது கெட்டி எஃகு வேறு, சில்லுச் சில்லாகப் பெயர்ந்துவிட்டது. திட்டி முடித்துவிட்டு மேலே படி.

மோட்டார் சாணையில் கொடுக்கச் சொன்னார் அண்ணன். சூடேறினால் எஃகின் பதம் போய்விடுமே என்று சாணைக்கல்லே வாங்கிவிட்டேன். ஒரு பக்கம் 400, மறுபக்கம் 1000. இது கல்லின் சொரசொரப்பைச் சொல்லும் எண், கூடக் கூட நைசு. சில்லு போக 400, கூருக்கு 1000. 6000 எல்லாம் சமையல் கத்திக்கு ஆடம்பரம் என்பது என் கட்சி.

கல்லின் மேல் கத்தியைச் சாய்த்துப் பிடிக்கிற கோணம்தான் உயிரை எடுத்தது. 15 பாகை என்றால் கைக்கு என்ன தெரியும்? உன் கத்தி நாலரை சென்டிமீட்டர் அகலம். கணக்குப் போட்டால் முதுகு கல்லிலிருந்து சுமார் 12 மில்லிமீட்டர் உயர வேண்டும். கத்தியின் வாயில் மார்க்கர் மை பூசி இரண்டு தடவை தீட்டினேன். மேலே அழிந்தது, விளிம்பில் மை அப்படியே இருந்தது. கத்தியை ரொம்பப் படுக்க வைத்திருக்கிறேன்!

ஒரு பக்கம் தீட்டத் தீட்ட மறுபக்கம் மெல்லிய பிசிறு எழும்பும். முனையிலிருந்து அடிவரை அது வராமல் கத்தியைத் திருப்பவே கூடாது. எனக்கு நாற்பது நிமிடம் ஆயிற்று. கடைசியில் அது விரலில் தட்டுப்பட்டதும் நான் கத்திய கத்தலில், விரல் போயிற்று என்று மாமியார் ஓடி வந்தார். அப்புறம் மாற்றி மாற்றி லேசாகத் தீட்டி, பழைய தோல் பெல்ட்டில் இழுத்துப் பிசிறை எடுத்தேன். இன்று காலை தக்காளியின் மேல் வைத்தேன், அழுத்தவே இல்லை, தோல் பிளந்தது.

மாமியார் பயந்ததும் சும்மா இல்லை. மழுங்கின நாட்களில் அழுத்தி வெட்டப்போய் வழுக்கி, ஆள்காட்டி விரலில் மூன்று தையல். அன்று இரவு உனக்குப் போன் செய்ய எடுத்தேன். கத்தியைக் கேட்பாய் என்று வைத்துவிட்டேன். என்ன முட்டாள்தனம், சொல்லு.

அலகு ஒரு மில்லிமீட்டர் தேய்ந்திருக்கிறது. வரும்போது ஸ்கேலைக் கொண்டு வராதே. உன் வீட்டு மொக்கைக் கத்திகளை எடுத்து வா, கல்லை ஊறப்போட்டு வைக்கிறேன்.

உன்,
மீனா