ஒரு வருடக் கணக்கை வைத்து ஸ்காட்லாந்தை எடைபோடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழின் நடுப்பக்கத்தில் ஸ்காட்லாந்து பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். லண்டன் தரும் பணத்தில்தான் ஸ்காட்லாந்து ஓடுகிறது, பிரிட்டனிலிருந்து பிரிந்து போனால் திவாலாகிவிடும், அதனால்தான் 2014இல் நடந்த தனி நாடு வாக்கெடுப்பில் மக்கள் பயந்து 'வேண்டாம்' என்று ஓட்டுப் போட்டார்கள் என்று கட்டுரையாளர் முடித்திருந்தார். அந்த ஓட்டைப் போட்டவர்களில் நானும் ஒருத்தி என்பதால் எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் மார்த்தாண்டம் பக்கம். 2007 முதல் அபர்தீனில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். 2014இல் என் கையில் இருந்தது இந்தியப் பாஸ்போர்ட்தான். ஆனாலும் காமன்வெல்த் நாட்டுக்காரர்கள், ஸ்காட்லாந்தில் குடியிருந்தால், அந்த வாக்கெடுப்பில் ஓட்டுப் போடலாம். பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கும் ஓட்டு உண்டு. லண்டனில் குடியிருக்கும் ஸ்காட்லாந்துக்காரருக்குத்தான் இல்லை. யார் இங்கே வாழ்கிறார்களோ அவர்கள் முடிவு செய்யட்டும் என்று வைத்த அந்த விதி இன்றைக்கும் எனக்குப் பெரிய மரியாதையாகத் தோன்றுகிறது.

செப்டம்பர் 18, வியாழக்கிழமை. இரவு டியூட்டி முடிந்து யூனிஃபார்முக்கு மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு நேராகத் தெருமுனைப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அங்கே விரலில் மை வைப்பதில்லை. பலகைத் தடுப்புக்குள் நூலில் கட்டிய ஒரு பென்சில். சீட்டில் ஒரே கேள்வி: ஸ்காட்லாந்து தனி நாடாக வேண்டுமா? 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு கட்டம். பென்சிலைப் பிடித்தபடி ரொம்ப நேரம் நின்றேன். பிறகு 'இல்லை'க்கு நேரே பெருக்கல் குறி போட்டேன். என் கணவர் 'ஆம்' போட்டார். கடலடிக் குழாய்களுக்கான இன்ஜினியர் அவர். வடகடலில் எடுக்கும் எண்ணெய் யாருடையது என்ற கேள்வி அவருக்கு வேலையோடு கலந்தது.

நான் ஏன் 'இல்லை' போட்டேன்? முந்தைய வருடம்தான் வீடு வாங்கியிருந்தோம். கடன் பவுண்டில். தனி நாடானாலும் பவுண்டையே வைத்துக்கொள்வோம் என்றார் ஸ்காட்லாந்தின் அன்றைய முதலமைச்சர் அலெக்ஸ் சால்மண்ட். அதெல்லாம் முடியாது, பிரிந்தால் பவுண்டையும் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று பிரிட்டனின் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் அந்தப் பிப்ரவரியில் ஸ்காட்லாந்துத் தலைநகர் எடின்பரோவுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். சம்பளம் புதுப் பணத்தில் வந்து, கடன் பவுண்டில் நின்று, அந்தப் புதுப் பணத்தின் மதிப்பு இறங்கினால் தவணை எப்படிக் கட்டுவது? இதற்கு இரண்டு பக்கமும் நேரான பதில் தரவில்லை. வார்டில் இருந்த வயதானவர்கள் ஓய்வூதியத்தைப் பற்றி இதையேதான் கேட்டார்கள். இதைப் பயம் என்று சொல்வது சரியில்லை. குடும்பம் நடத்துகிற எவரும் கேட்கிற கேள்வி இது.

பணத்தைப் பற்றி இன்னொன்று. ஸ்காட்லாந்தில் மூன்று வங்கிகள் சொந்தமாக நோட்டு அச்சிடுகின்றன. அதுவும் பவுண்ட்தான், மதிப்பும் அதேதான். ஒருமுறை லண்டனில் ஒரு கடையில் வால்டர் ஸ்காட் படம் போட்ட இருபது பவுண்ட் நோட்டை நீட்டினேன். கல்லாவில் இருந்த பையன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான், திருப்பிப் பார்த்தான், இது செல்லாது என்று கையிலேயே கொடுத்துவிட்டான். பின்னால் வரிசை நிற்கிறது. எனக்கு முகம் சுருங்கிவிட்டது. பிறந்ததிலிருந்து இதை அனுபவிக்கிற இந்த ஊர்க்காரர்களுக்கு எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

சரி, கட்டுரையாளரின் கணக்குக்கு வருகிறேன். ஸ்காட்லாந்தில் வரவைவிடச் செலவு அதிகம் என்று அவர் காட்டும் பற்றாக்குறை உண்மைதான். ஸ்காட்லாந்து அரசு வருடாவருடம் வெளியிடும் வரவு செலவு அறிக்கையில், 2023-24க்கானது வெளியானபோது அது 2,270 கோடி பவுண்ட், உற்பத்தி மதிப்பில் 10.4 சதவீதம். தலைக்கு இவ்வளவு என்று பார்த்தால் இங்கே அரசு செலவிடுவதும் இங்கிலாந்தைவிட அதிகம்தான். ஷெட்லாந்துத் தீவிலிருந்து சிகிச்சைக்குக் கப்பலில் வரும் நோயாளி ஒரு இரவு முழுக்கப் பயணம் செய்து அபர்தீன் வந்து சேர்கிறார். அப்படிப்பட்ட நிலப்பரப்பில் ஆஸ்பத்திரி நடத்தச் செலவு கூடத்தான் செய்யும்.

ஆனால் அதே அறிக்கையின் பழைய வருடங்களையும் அவர் எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். 2011-12இல் பிரிட்டனின் மக்கள்தொகையில் 8.4 சதவீதமாக இருந்த ஸ்காட்லாந்து, எண்ணெய் வருவாயையும் சேர்த்து, மொத்த வரியில் 9.9 சதவீதம் கொடுத்தது. செலவில் அதற்குக் கிடைத்தது 9.3 சதவீதம். அந்த வருடம் வடகடல் எண்ணெயிலிருந்து ஸ்காட்லாந்தின் பங்கு ஏறத்தாழ 1,000 கோடி பவுண்ட். நான்கே வருடம் கழித்து, 2015-16இல், வெறும் 6 கோடி. உக்ரைன் போரால் விலை ஏறிய 2022-23இல் மறுபடி சுமார் 940 கோடி. அதே கடல், அதே ஜனங்கள். 2011இல் லண்டனுக்குப் படியளந்தவர்கள், 2016இல் லண்டனிடம் கையேந்துபவர்கள் என்று சொல்ல முடியுமா?

இந்தச் சரிவை எங்கள் வீடு நேரடியாகப் பார்த்தது. வாக்கெடுப்புக்கு முன் சால்மண்ட் அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை, பீப்பாய் 110 டாலர் என்று வைத்து, 2016-17இல் 680 முதல் 790 கோடி பவுண்ட் வரும் என்றது. 2015 ஜனவரியில் விலை ஐம்பது டாலருக்குக் கீழே போய்விட்டது. அதற்கு அடுத்த மாதம் என் கணவருக்கு வேலை போயிற்று. காலையில் ஆபீஸுக்குப் போனவர் பதினோரு மணிக்கு ஓர் அட்டைப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தார். அதில் அவருடைய டீ கப், மகள் வரைந்த படம், கடலில் இருக்கும் எண்ணெய் மேடைக்குப் போகும்போது போடும் ஹெல்மெட். டைஸ் விமான நிலையத்திலிருந்து எங்கள் கூரைக்கு மேலே எண்ணெய் மேடைகளுக்குப் போகும் ஹெலிகாப்டர்களின் சத்தம்கூட அந்த வருடம் குறைந்துவிட்டது. தெருவில் ஏழு வீட்டில் 'விற்பனைக்கு' பலகை. இரண்டு வருடம் ஆகியும் இறங்கவில்லை.

அன்றைக்கு 'ஆம்' ஜெயித்திருந்தால் புதிய அரசு முதல் பட்ஜெட்டிலேயே தடுமாறியிருக்கும். அதை என் கணவரே ஒத்துக்கொள்கிறார். ஆனால் அவர் திருப்பிக் கேட்பதற்கும் என்னிடம் பதில் இல்லை. எண்பதுகளில் கொட்டிய எண்ணெய்ப் பணம் முழுதும் லண்டன் கருவூலத்துக்குப் போய் அந்தந்த வருடச் செலவிலேயே கரைந்தது. எதிர்க்கரையில் நார்வே, எண்ணெய்ப் பணத்துக்கென்று தனி நிதி வைத்து 1996 முதல் அதில் போட்டு வந்தது. 2017இல் அந்த நிதி ஒரு லட்சம் கோடி டாலரைத் தாண்டிவிட்டது. ஸ்காட்லாந்தின் ஒரு வருடப் பற்றாக்குறையைக் காட்டுகிறவர்கள் எண்பதுகளிலிருந்து உள்ள வருடங்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அப்புறம், 2016. பிரிந்தால் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியே நிற்பீர்கள் என்று சொல்லித்தான் 2014இல் 'இல்லை' தரப்பினர் எங்களிடம் ஓட்டுக் கேட்டார்கள். இரண்டே வருடத்தில், ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் வெளியேறுவதா என்ற பிரெக்ஸிட் வாக்கெடுப்பு. ஸ்காட்லாந்தில் 62 சதவீதம் பேர் ஒன்றியத்தில் இருப்போம் என்றார்கள். 32 உள்ளாட்சிப் பகுதிகளில் ஒன்றுகூட மாறி நிற்கவில்லை. இருந்தும் வெளியேறினோம். வாக்கெடுப்பு முடிந்த மறுநாள் வார்டில் போலந்துக்காரச் சகோதரி ஒருத்தி மருந்து ட்ரேயைக் கையில் வைத்துக்கொண்டே, இனி நான் இங்கே இருக்கலாமா என்று என்னிடம் கேட்டாள். நான் போட்ட ஓட்டின் மேல் எனக்கு முதல்முறை வருத்தம் வந்தது அன்றைக்குத்தான்.

2022 நவம்பரில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம், லண்டன் சம்மதம் இல்லாமல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் வாக்கெடுப்பு நடத்த முடியாது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அத்தோடு விஷயம் முடிந்தது என்கிறார் கட்டுரையாளர். சட்டப்படி சரி. ஆனால் 2012இல் பிரிட்டன் பிரதமர் கேமரனும் சால்மண்டும் எடின்பரோவில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார்கள், வாக்கெடுப்பு நடந்தது, 84.6 சதவீதம் பேர் வந்தார்கள், 55க்கு 45 என்று முடிவானது, ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை. என் பாட்டா, தமிழ்ப் பகுதிகளைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்கக் கேட்ட போராட்டத்தில் 1954 ஆகஸ்டில் மார்த்தாண்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தபோது ஊரில் இருந்தவர். தமிழ்ப் பகுதிகள் திருவிதாங்கூர்–கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1இல். நாஞ்சில் நாட்டில் விளையும் நெல்லை இழக்கத் திருவிதாங்கூர்–கொச்சிக்காரர்களுக்கு மனமில்லை என்பார் பாட்டா. நெல் யார் பத்தாயத்தில் என்று கேட்டு யாரும் சாகப் போகவில்லை என்றும் சொல்வார். அவர் பேத்தி நான், பென்சிலால் ஒரு குறி போட்டு அதே மாதிரிக் கேள்விக்குப் பதில் சொன்னேன். அந்த வழியை லண்டன் அடைத்துவைத்திருப்பது தவறு.

இன்னொரு வாக்கெடுப்பு வந்தால் என் ஓட்டு எது என்று இப்போதே சொல்லமாட்டேன். என்ன பணம், கடனில் யார் பங்கு எவ்வளவு, இங்கிலாந்து எல்லையில் சரக்கு லாரி நிற்க வேண்டுமா என்பதை இரண்டு தரப்பும் முதலில் எழுத்தில் தரட்டும். தங்கள் நாளிதழ் இதைப் பற்றி மறுபடி எழுதும்போது, ஒரு வருட எண்ணுக்குப் பதில் இருபது வருட வரவு செலவை ஒரு பட்டியலாகப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு செவிலியர்,
அபர்தீன், ஸ்காட்லாந்து